பாவும் துணியும்: நேர்கோட்டுச் சார்பு பற்றி ஒரு பாடம்

சங்கத்தில் நூல் பெற்றுத் துணி நெய்து தரும் அங்கத்தினர் இருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இருவரும் நெய்வது ஒரே ரகம். பாவில் 2,400 இழை. நூல் 40-ஆம் நம்பர். முதலாமவர் ஒரு பாவில் 40 மீட்டர் துணி நெய்கிறார். அதற்கு 44 மீட்டர் பாவு செல்கிறது. இரண்டாமவருக்கு வரும் வேலை சிறிது. நிறம் அடிக்கடி மாறும். ஆகையால் அவர் ஒரு பாவில் 20 மீட்டர் துணியே நெய்கிறார். சங்கத்துக் குமாஸ்தா கணக்கிடுகிறார்: "40 மீட்டர் துணிக்கு 44 மீட்டர் பாவு. ஆகவே 20 மீட்டர் துணிக்கு 22 மீட்டர் பாவு." இரண்டாமவரோ 23 மீட்டர் பாவு ஓடியிருக்கிறார். அந்த ஒரு மீட்டர் எங்கே?

ஒரு மீட்டர் பாவு என்பது 2,400 மீட்டர் நூல். 40-ஆம் நம்பரில் அது ஏறக்குறைய 35 கிராம். ஆண்டுக்குப் பன்னிரண்டு பாவு நெய்தால் 425 கிராம் நூல் அவர் பெயரில் 'குறைவு' என்று ஏறிவிடும். அவர் ஓர் இழையையும் வெளியே விற்றவர் அல்லர். ஆனால் அதை மெய்ப்பிக்க அவரிடம் சான்று ஒன்றும் இல்லை. திருடினார் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பதிவேடு சொல்லிவிடுகிறது.

இது பாடத்திற்காக நாம் கற்பித்துக்கொண்ட கணக்கு. ஆயினும் நூல் கொடுத்துத் துணி வாங்கும் இடங்களில் இவ்விதமான மனத்தாங்கல் புதிதன்று என்பதை நெசவாளர்கள் அறிவார்கள். தவறு எங்கே இருக்கிறது? நெசவாளரிடம் இல்லை. குமாஸ்தாவின் நாணயத்திலும் இல்லை; அவருடைய பெருக்கலும் வகுத்தலும் சரியானவையே. 'ஆகவே' என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு சொல்லில் தவறு இருக்கிறது. அச்சொல்லை எப்பொழுது சொல்லலாம், எப்பொழுது சொல்லலாகாது என்பதே இப்பாடத்தின் விஷயம். இயற்கணித நூல்கள் இதனை 'நேர்கோட்டுச் சார்பு' என்ற தலைப்பில் கூறுகின்றன. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கூட்டலும் பெருக்கலும் அறிந்தவர் எவரும் இதனைக் கற்கலாம்.

மாறுவதும் மாறாததும்

மேற்கூறிய கணக்கில் மாறக்கூடிய அளவுகள் இரண்டு உள்ளன. ஒன்று, நெய்யும் துணியின் நீளம். மற்றொன்று, அதற்கு வேண்டிய பாவின் நீளம். இவ்வாறு மாறக்கூடிய அளவை 'மாறி' என்பர். துணியின் நீளத்தை நாம் விரும்பியபடி வைக்கலாம். அதனை வைத்துவிட்டால் பாவின் நீளம் தானே முடிவாகிவிடுகிறது. அதில் நம் விருப்பத்திற்கு இடமில்லை. ஆகையால் முதலாவதைச் சாரா மாறி என்றும், இரண்டாவதைச் சார்ந்த மாறி என்றும் கூறுவர். ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்கும் இந்த முறைமையே 'சார்பு'. இன்ன நீளத் துணிக்கு இன்ன நீளப் பாவு என்று ஒன்றுக்கு ஒன்றாக விடை கிடைக்க வேண்டும். ஒரே துணிக்கு ஒரு நாள் 44, மறுநாள் 47 என்று விடை வருமானால் நாம் கவனிக்கத் தவறிய வேறொரு மாறி உள்ளே இருக்கிறது என்று பொருள். ஊடையின் நெருக்கம் மாறியிருக்கலாம், இழுப்பு மாறியிருக்கலாம்.

இனி, பாவு எவ்வாறு செலவாகிறது என்பதைத் தறியில் அமர்ந்து நோக்குவோம். பாவு இழை துணியில் நேராகக் கிடப்பதில்லை. ஊடையின் மேலும் கீழுமாக வளைந்து செல்கிறது. ஆகையால் ஒரு மீட்டர் துணிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான பாவு வேண்டும். நம் ரகத்தில் அது 1.05 மீட்டர் என்று கொள்வோம். இச்செலவு துணியின் ஒவ்வொரு மீட்டருக்கும் உண்டு. துணி நீள நீள இதுவும் வளரும்.

இதனோடு முடிந்ததா? இல்லை. பாவைத் தறியில் ஏற்றும்பொழுது முன்புறத்தில் கட்டுவதற்குச் சிறிது நீளம் போகிறது. நெய்து முடியும் தறுவாயில், அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் நிற்கும் பாவை நெய்ய இயலாது. அது துண்டாக அறுபட்டு விழுகிறது. பழைய பாவின் முனையில் புதுப் பாவைப் பிணைத்தாலும் முடிச்சுகளை ஒட்டிய பகுதி துணியாகாது. இவை யாவும் சேர்ந்து ஒரு பாவுக்கு 2 மீட்டர் என்று கொள்வோம். இந்த 2 மீட்டருக்கு ஒரு விசேஷம் உண்டு. பாவு பத்து மீட்டராயினும் நூறு மீட்டராயினும் இது 2 மீட்டரே. தறிக்கு நம் பாவின் நீளம் தெரியாது. தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விடும்.

ஆகவே 40 மீட்டர் துணிக்கு 42 மீட்டரும், அதன்மேல் 2 மீட்டரும் சேர்ந்து 44. இருபது மீட்டர் துணிக்கு 21 மீட்டரும், அதன்மேல் 2 மீட்டரும் சேர்ந்து 23. இரண்டாமவர் ஓடிய பாவு சரியானது. குமாஸ்தா 44-ஐப் பாதியாக்கியபொழுது 42-ஐப் பாதியாக்கியது முறை. 2-ஐயும் பாதியாக்கியது முறையன்று. காணாமற்போன ஒரு மீட்டர் அங்கேதான் இருக்கிறது.

எழுத்தால் எழுதுதல்

ஒவ்வொரு முறையும் இத்தனை வாக்கியங்களை எழுதிக்கொண்டிருக்க இயலாது. துணியின் நீளம் எத்தனை மீட்டரோ அந்த எண்ணுக்குத் 'து' என்றும், பாவின் நீளம் எத்தனை மீட்டரோ அந்த எண்ணுக்குப் 'பா' என்றும் பெயரிடுவோம். அப்பொழுது நாம் கண்ட யாவும் ஒரே வரியில் அடங்கிவிடும்:

பா = 1.05 து + 2

'து' என்பது துணியின் பெயரன்று, ஓர் எண்ணின் பெயர் என்பதை மறத்தலாகாது. புதிதாகக் கற்போர் தடுமாறும் இடம் இதுவே. 'து' இருக்குமிடத்தில் 40 என்று இட்டால் 'பா' 44 ஆகும். 30 என்று இட்டால் 33.5 ஆகும். 10 என்று இட்டால் 12.5 ஆகும்.

எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைக்கும் இம்முறை மேல்நாட்டிலிருந்துதான் வந்தது என்று எண்ண வேண்டாம். கி.பி. 628-இல் பிரம்மஸ்புட சித்தாந்தம் இயற்றிய பிரம்மகுப்தர், தெரியாத அளவுகளுக்கு நிறங்களின் பெயரை இட்டு வழங்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீஜகணிதம் எழுதிய பாஸ்கராசாரியரும் அவ்வழியே சென்றார். முதல் தெரியாத அளவு 'யாவத் தாவத்', அதாவது 'எவ்வளவோ அவ்வளவு'. அடுத்தவை காலகம், நீலகம், பீதகம், லோகிதம்: கருமை, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்பொழுது யா, கா, நீ, பீ என்று முதலெழுத்தை மட்டும் வைப்பார்கள். சாயச் சட்டிகளின் வரிசையைப் போன்ற இப்பெயர்கள் நெசவாளருக்கு அந்நியமாய் இரா. நாம் 'து' என்றும் 'பா' என்றும் எழுதுவது அந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே.

மேலே எழுதிய வரியில் மாறாத எண்கள் இரண்டு இருக்கின்றன. இவை மாறிலிகள். 1.05 என்பது, துணி ஒரு மீட்டர் கூடினால் பாவு எவ்வளவு கூடும் என்பதைக் கூறுகிறது. இதனை 'வீதம்' எனலாம். வரைபடத்தில் இதுவே 'சாய்வு' எனப்படும். 2 என்பது, துணி ஒன்றுமே இல்லாதபொழுதும் இருக்கும் செலவு. இதனை 'நிலைப்பங்கு' என்று அழைப்போம். நேர்கோட்டுச் சார்பு எதுவாயினும் அதில் உள்ளவை இவ்விரண்டே. வீதம் ஒன்று, நிலைப்பங்கு ஒன்று. இவ்விரண்டையும் அறிந்தவர் முழுச் சார்பையும் அறிந்தவராவார்.

வரைபடத்தில்

கட்டமிட்ட தாள் ஒன்றை எடுத்து, கீழே படுக்கையாகத் துணியின் நீளத்தையும், இடப்புறம் நெடுக்காகப் பாவின் நீளத்தையும் குறியுங்கள். துணி 10-க்கு நேரே பாவு 12.5-இல் ஒரு புள்ளி. 20-க்கு நேரே 23-இல் ஒரு புள்ளி. 40-க்கு நேரே 44-இல் ஒரு புள்ளி. ஓர் இழையை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். மூன்று புள்ளிகளும் அந்த இழையின்மேல் அமரும். நேர்கோட்டுச் சார்பு என்ற பெயருக்குக் காரணம் இதுவே. சமன்பாட்டையும் கோட்டையும் இவ்வாறு ஒன்றாகக் காணும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த் 1637-இல் வெளியிட்ட ஜியோமிதி நூல் உலகில் பரப்பியது.

அந்த இழையை இடப்புறமாக நீட்டினால் அது மூலையில் உள்ள சுழியைத் தொடாது. சுழிக்கு மேலே 2 என்ற இடத்தில் நெடுக்குக் கோட்டை வெட்டும். நம் குமாஸ்தா மனத்தில் வரைந்த கோடோ மூலையிலிருந்து புறப்பட்டு 44-க்குச் சென்றது. இரு கோடுகளும் ஒரே இடத்தில் மட்டும் சந்திக்கின்றன. அது 40 மீட்டர் துணி. ஆகையால் முதலாமவருக்குக் கணக்குச் சரியாயிற்று. அதற்கு இடப்புறம் உள்ளவர் எல்லாரும் கடன்காரராயினர்.

வலப்புறம் உள்ளவர்? 80 மீட்டர் துணி நெய்பவருக்குக் குமாஸ்தா 88 மீட்டர் பாவுக்கு நூல் கொடுப்பார். உண்மையில் வேண்டியது 86 மீட்டர். இரண்டு மீட்டர் மிச்சம். அதனைப் பற்றி எவரும் முறையிடமாட்டார்கள். குறைவு ஏற்பட்டவர் மட்டுமே குரல் எழுப்புவதால், பிசகு அவர் ஒருவரைச் சேர்ந்தது போலத் தோற்றமளிக்கிறது.

நம் முன்னோர் பயின்ற மூன்று தொகைக் கணக்கு, மூன்றை அறிந்து நான்காவதைக் காண்பது, மிகச் சிறந்த கருவி. இரு மடங்குக்கு இரு மடங்கு, பாதிக்குப் பாதி என்பது அதன் அடிப்படை. கோடு மூலையின் வழியாகச் செல்லும்பொழுது மட்டும், அதாவது நிலைப்பங்கு சுழியாக இருக்கும்பொழுது மட்டும், அது செல்லும். ஊடை நூலுக்கு அது பொருந்தும். துணி இல்லையேல் ஊடையும் இல்லை. பருத்தியை அரைத்துப் பஞ்சு எடுக்கும் கணக்கிற்கும் ஏறக்குறையப் பொருந்தும். ஒரு குவிண்டாலில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சு என்றால் பத்துக் குவிண்டாலிலும் அப்படியே. பாவுக்கு அது பொருந்தாது.

இரண்டு சீட்டுகளிலிருந்து

வீதமும் நிலைப்பங்கும் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பதில்லை. தறியில் வீணாகும் பாவை அளக்க முழக்கோலுடன் எவரும் நிற்பதில்லை. ஆனால் பழைய சீட்டுகள் இருக்கும். ஒரே ரகத்தில், ஒரே தறியில், நீளம் வேறுபட்ட இரண்டு பாவுகளின் சீட்டுகள் போதும்.

ஒரு சீட்டில் துணி 40, பாவு 44. மற்றதில் துணி 20, பாவு 23. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். துணி 20 கூடியபொழுது பாவு 21 கூடியிருக்கிறது. நிலைப்பங்கு இரு சீட்டிலும் ஒன்றே ஆதலால் கழிக்கும்பொழுது அது மறைந்துவிட்டது. எஞ்சி நிற்பது வீதத்தின் வேலை மட்டுமே. 21-ஐ 20-ஆல் வகுத்தால் 1.05. இனி, 20 மீட்டர் துணிக்கு வீதப்படி 21, சீட்டில் உள்ளது 23, மிகுதி 2. நிலைப்பங்கு கிடைத்துவிட்டது. நெசவாளர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கரித்துண்டால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

இரண்டு புள்ளிகளின் வழியாக எப்பொழுதும் ஒரு நேர்கோடு வரையலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உண்மையான சார்பு வளைந்ததாயினும் இரண்டு சீட்டுகள் அதனைக் காட்டிக்கொடா. ஆகையால் மூன்றாவது சீட்டு ஒன்று அவசியம். துணி 30 என்று உள்ள சீட்டில் பாவு 33.5-க்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். 33.6 என்றோ 33.4 என்றோ இருந்தால் கவலையில்லை. அளக்கும் கையும் இழையின் இழுப்பும் அவ்வளவு வேறுபாடு செய்யும். 36 என்று இருந்தால் மட்டும் நின்று காரணம் தேட வேண்டும்.

வேறொரு மயக்கமும் இங்கே நேர்வதுண்டு. மொத்தப் பாவைத் துணியால் வகுத்து 'ஒரு மீட்டருக்கு இவ்வளவு' என்று சராசரி காண்கிறார்கள். 10 மீட்டர் துணிக்கு அது 1.25, இருபதுக்கு 1.15, நாற்பதுக்கு 1.10, நூறுக்கு 1.07. வீதம் மாறவேயில்லை, எங்கும் 1.05 தான், சராசரியோ ஓரிடத்தில் நிற்கவில்லை. நிலைப்பங்கு அதிக மீட்டர்களின்மேல் பரவப் பரவச் சராசரி இறங்குகிறது. வீதத்தை நெருங்கிச் செல்லும், ஒருநாளும் தொடாது. நீண்ட பாவு நூலை மிச்சப்படுத்தும் என்று பெரியவர்கள் கூறுவதன் கணக்கு இதுவே. சிறு வேலைகளை ஒன்றுசேர்த்து ஒரே பாவாக ஓடுவது இயலும்பொழுதெல்லாம் இலாபம்.

காரியதரிசிகளுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று. நூல் பதிவேட்டில் 'மீட்டருக்கு இவ்வளவு' என்ற ஒரே பத்தியை வைத்துக்கொண்டு நியாயம் செய்ய இயலாது. 'பாவு ஒன்றுக்கு இவ்வளவு', 'துணி மீட்டருக்கு இவ்வளவு' என்று இரண்டு பத்திகள் வேண்டும். ரகந்தோறும் மூன்று சீட்டுகளை எடுத்து இவ்விரு எண்களையும் கண்டு, அங்கத்தினர் முன்னிலையில் எழுதிவைத்தால், குறுகிய பாவு நெய்பவர் தலைகுனிய நேராது. மெய்யாகவே நூல் குறைந்தால் அதுவும் ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்துவிடும்.

இரு கோடுகள் சந்திக்கும் இடம்

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு கணக்கு. விளைபொருளைச் சந்தைக்கு அனுப்ப இரண்டு லாரிகள் கிடைக்கின்றன என்று கொள்வோம். முதல் லாரிக்கு நிலைவாடகை 600 ரூபாய், கிலோமீட்டருக்கு 20 ரூபாய். இரண்டாவதற்கு நிலைவாடகை 300 ரூபாய், கிலோமீட்டருக்கு 26 ரூபாய். எது மலிவு? 'எவ்வளவு தூரத்திற்கு?' என்று திருப்பிக் கேட்காமல் இக்கேள்விக்கு விடை கூறலாகாது. முதல் லாரி புறப்படும்பொழுதே 300 ரூபாய் முந்தி நிற்கிறது. இரண்டாவது கிலோமீட்டருக்கு 6 ரூபாய் வீதம் அதனை நெருங்குகிறது. 300-ஐ 6-ஆல் வகுக்க 50. ஐம்பதாவது கிலோமீட்டரில் இரண்டும் 1,600 ரூபாயில் சமமாகும். சந்தை அதற்கு இப்புறமானால் இரண்டாவது லாரி. அப்புறமானால் முதல் லாரி. வரைபடத்தில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி அந்த ஐம்பதே. நிலைவாடகையை மட்டுமோ கிலோமீட்டர் வாடகையை மட்டுமோ கேட்டுவிட்டு வண்டி பேசுகிறவர் பாதிக் கணக்குடன் வீடு திரும்புகிறார்.

நேராக இல்லாதவை

எல்லாச் சார்பும் நேர்கோடு என்று நம்பிவிடுவது, முன் சொன்ன பிழையைவிடப் பெரிய பிழை. இதற்கு நெசவாளர் நன்கறிந்த நூல் நம்பரே சாட்சி.

840 கஜம் கொண்ட சிட்டா ஒரு ராத்தலுக்கு எத்தனை நிற்கிறதோ அதுவே பருத்தி நூலின் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். மெட்ரிக் அளவில் கூறினால், ஒரு கிலோ நூலின் நீளம் நம்பரைப் போல் ஏறக்குறைய 1,693 மடங்கு மீட்டர். 40-ஆம் நம்பரில் ஒரு கிலோ 67,720 மீட்டர் ஓடும்.

நம் 44 மீட்டர் பாவில் 2,400 இழைக்கு மொத்தம் 1,05,600 மீட்டர் நூல் வேண்டும். 20-ஆம் நம்பரில் இதன் எடை 3.12 கிலோ. 40-ஆம் நம்பரில் 1.56 கிலோ. இவ்விரண்டு சீட்டுகளை வைத்துக்கொண்டு முன்போலவே நேர்கோடு வரைவோம். நம்பர் 20 கூடியபொழுது எடை 1.56 குறைந்தது. மேலும் 20 கூடி 60-ஆம் நம்பருக்குச் சென்றால் மேலும் 1.56 குறைய வேண்டும். 1.56-இல் 1.56 போனால் சுழி. அதாவது 60-ஆம் நம்பர் நூலுக்கு எடையே இல்லை! 80-ஆம் நம்பரில் பாவு ஓடினால், தராசுத் தட்டு மேலே எழும்பிச் சங்கம்தான் நமக்குக் கடன்படும்.

உண்மையில் 60-ஆம் நம்பரில் அப்பாவின் எடை 1.04 கிலோ, 80-ஆம் நம்பரில் 0.78 கிலோ. முதல் இருபதுக்கு 1.56 குறைந்தது, அடுத்த இருபதுக்கு 0.52; அதற்கடுத்த இருபதுக்கு 0.26. சம அடிகளுக்குச் சம மாற்றம் இல்லை; ஆகவே இது நேர்கோடு அன்று. இங்கே மாறாமல் நிற்பது வேறொன்று. நம்பரையும் எடையையும் பெருக்கிப் பாருங்கள்: 20 × 3.12, 40 × 1.56, 60 × 1.04, 80 × 0.78 யாவும் 62.4. இதனைத் தலைகீழ் விகிதம் என்பர். வரைபடத்தில் இது முதலில் செங்குத்தாக இறங்கிப் பிறகு தாழ்ந்து தாழ்ந்து படுக்கும் வளைகோடு. அடிக்கோட்டை ஒருபொழுதும் தொடாது.

பட்டு நெசவாளர்கள் இவ்விடத்தில் நம்மைக் கண்டு நகைக்கலாம். அவர்களுடைய 'டெனியர்' அளவு வேறு விதம். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் நிற்கிறதோ அத்தனை டெனியர். டெனியர் இரு மடங்கானால் அதே நீள இழையின் எடையும் இரு மடங்கு. கோடு மூலையிலிருந்தே நேராகச் செல்லும். இழையின் பருமன் என்னும் ஒரே குணத்தை ஓர் அளவுகோலால் அளந்தால் வளைகோடும், மற்றொன்றால் அளந்தால் நேர்கோடும் கிடைக்கிறது. பருத்தியும் பட்டும் கலந்து நெய்பவர் இரண்டு அளவுகளையும் ஒரே விதியில் அடக்க முற்பட்டால் எடைக்கணக்கு நிச்சயம் பிழைபடும்.

கடன் வட்டியிலும் இவ்விரு வகையும் உண்டு. 1,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 தனிவட்டியானால் ஆண்டுதோறும் 120 ரூபாய் ஏறும். ஐந்தாம் ஆண்டின் முடிவில் 1,600 ரூபாய். இது நேர்கோடு. அதே வீதத்தில் கூட்டுவட்டியானால், இரண்டாம் ஆண்டின் முடிவில் 1,240-க்குப் பதிலாக 1,254 ரூபாய் 40 காசு. வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஐந்தாம் ஆண்டில் அது 1,762 ரூபாயைத் தாண்டிவிடும். வளைகோடு தொடக்கத்தில் நேர்கோட்டை ஒட்டியே செல்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

உரமிடும் கணக்கும் இத்தகையதே, ஆனால் எதிர்ப்புறம் வளைவது. ஒரு மூட்டை உரத்திற்கு இவ்வளவு விளைச்சல் கூடிற்று, ஆகவே நான்கு மூட்டைக்கு நான்கு மடங்கு கூடும் என்று எதிர்பார்ப்பது வீண். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1843-இல் கோதுமையில் தொடங்கிய உரச் சோதனை இன்றும் நடைபெற்று வருகிறது. தழைச்சத்தைப் படிப்படியாகக் கூட்டும்பொழுது, பிந்திய படிகள் முந்தியவற்றைப்போல் பலன் தருவதில்லை என்பது அங்கே தெளிவாகக் கண்டது. ஓர் எல்லைக்குள் கோடு நேராகத் தோன்றும். அதற்கு அப்பால் மடங்கிவிடும்.

நம் பாவுச் சமன்பாட்டிற்கும் எல்லை உண்டு. துணி ஆயிரம் மீட்டர் என்று இட்டால் விடையாக 1,052 வரும். காகிதம் மறுக்காது, பாவு சுற்றும் உருளைதான் மறுக்கும். துணி சுழி என்று இட்டால் 2 வரும். பாவை ஏற்றிவிட்டு நெய்யாமலே அறுத்தெறிந்தால் அதுவும் மெய்யே. சுழிக்குக் கீழே பொருள் இல்லை. சமன்பாட்டை எழுதும்பொழுதே 'துணி 10 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை' என்று பக்கத்தில் குறித்துவைப்பது நல்ல வழக்கம்.

பயிற்சி

1. ஒரு தறியில் துணி 15 மீட்டருக்குப் பாவு 18.2 மீட்டரும், துணி 45 மீட்டருக்குப் பாவு 50.6 மீட்டரும் சென்றன. வீதமும் நிலைப்பங்கும் யாவை? துணி 30 மீட்டருக்கு எவ்வளவு பாவு ஓட வேண்டும்?

2. சாயச்சாலையில் உள்ள பழைய வெப்பமானி பாரன்ஹீட் அளவைக் காட்டுகிறது. சாய டப்பாவின்மேல் செல்சியஸ் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. நீர் உறைவது செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. நீர் கொதிப்பது செல்சியஸில் 100, பாரன்ஹீட்டில் 212. இவ்விரு சீட்டுகளிலிருந்து சமன்பாட்டைக் கண்டு, செல்சியஸ் 60-க்கு வெப்பமானி என்ன காட்ட வேண்டும் என்று கூறுக. இரு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் வெப்பம் எது?

3. தங்கள் வீட்டில் உள்ள பழைய பாவுச் சீட்டுகளில் ஒரே ரகத்தைச் சேர்ந்த மூன்றை எடுத்து, முதல் இரண்டிலிருந்து வீதத்தையும் நிலைப்பங்கையும் கண்டு, மூன்றாவதை வைத்துச் சோதித்துப் பார்க்க.

விடைகள்: (1) வீதம் 1.08; நிலைப்பங்கு 2 மீட்டர்; பாவு 34.4 மீட்டர். (2) பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. வெப்பமானி 140 காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாவது சுழிக்குக் கீழே 40-இல். (3) விடை தங்கள் தறியில் இருக்கிறது.